எந்த விரல் என்று கேட்டவர்

அவரிடம் போய், "கை வலிக்குதுக்கா" என்று சொல்லிவிட்டுச் சும்மா நிற்க முடியாது. எந்தக் கை, கையில் எந்த இடம், எந்த விரல், வேலை செய்யும்போதா செய்து முடித்த பிறகா, முதலில் மரத்ததா முதலில் வீங்கியதா என்று ஆரம்பித்துவிடுவார். போலீஸ் ஸ்டேஷனில்கூட அத்தனை கேள்வி கிடையாது. "அதெல்லாம் கவனிக்கலையே" என்றால், "உங்க கைதானே? நீங்க கவனிக்காம பக்கத்து வீட்டுக்காரரா கவனிப்பாரு?" என்பார்.

பிசியோதெரபி படித்தவர். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ராவுத்தர் வீட்டுப் பெண். ஒரு தொண்டு நிறுவனம் எஸ்டேட் தொழிலாளர்களுக்காக நடத்திய முகாமுக்கு வியாழக்கிழமைதோறும் மலைக்குப் போவார். நான் போடியிலிருந்து போடிமெட்டு வழியாக எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர். முன் சீட்டில் எனக்குப் பக்கத்து இடம் அவருக்கு. மலையில் எல்லோரும் அவரை டாக்டரம்மா என்பார்கள். "நான் டாக்டர் இல்ல" என்று ஒவ்வொரு முறையும் திருத்துவார். எனக்கு அக்கா. பெயரை எழுதினால் எங்கிருந்தாவது போன் போட்டுத் திட்டுவார் என்பதால் எழுதவில்லை.

முதல் நாள் ஜீப்பில் ஏறி, மலையடிவாரத்து முந்தல் தாண்டுவதற்குள் என்னைப் பிடித்துவிட்டார்.

"கியர் மாத்துறப்ப ஏன் உள்ளங்கையால தள்ளுறீங்க? விரல் பிடிக்கலையா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வருடமாக இடது கை சரியில்லை. பிடித்த சாமான் நழுவும். ஜீப்பின் மேலே மூட்டையை ஏற்றிக் கயிறு போட்டு இழுத்தால் அன்று முழுக்கக் கை ஒத்துழைக்காது. வாயு என்று முடிவுகட்டி, பூண்டு பூண்டாகத் தின்று வீட்டில் எல்லோரையும் பக்கத்தில் வரவிடாமல் வைத்திருந்தேன். என் மனைவிக்கே தெரியாத விஷயம் இந்த அம்மாளுக்கு அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

போடிமெட்டில் டீக்கு நிறுத்தியதும் கீழே இறங்கச் சொன்னார். இரண்டு கையையும் தோள் உயரத்துக்குத் தூக்கி, முழங்கையை மடக்கி, விரல்களை மூடி மூடித் திறக்கச் சொன்னார். மூன்று நிமிடம். சரணடைந்த திருடன் மாதிரி நான் நின்றதைப் பார்த்து, பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"என்னண்ணே, போலீசு பிடிச்சிருச்சா?"

ஒன்றரை நிமிடத்தில் இடது கையின் சுண்டு விரலும் மோதிர விரலும் சுருசுருவென்று மரத்தன. கை தானாகக் கீழே இறங்கியது. வலது கை அது பாட்டுக்கு மூடித் திறந்துகொண்டிருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இரண்டு கையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து நிறம் பார்த்தார். நகத்தை அழுத்திவிட்டு ரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்த்தார். புறங்கையைத் தொட்டுச் சூடு பார்த்தார். நாடி பிடித்தார்.

"நாடி கிடைக்குதாக்கா?" என்றேன், பெரிய விஷயம் கேட்பதாக நினைத்து.

"கையத் தூக்குனா நல்லா இருக்கிறவங்களுக்கும் நாடி மங்கும். அத மட்டும் வச்சுச் சொல்லக் கூடாது. நெறம் மாறல, குளிரல, வீங்கல. இந்த ரெண்டு விரலும் மரக்குது. கட்டை விரலுக்கு அடியில சதை வத்தியிருக்கு பாருங்க. நரம்பு மாதிரி இருக்கு. மாதிரிதான். டாக்டரப் பாத்து உறுதி பண்ணிக்கங்க."

அன்று மலை ஏறும்போது அவரே விளக்கினார். கழுத்திலிருந்து கைக்குப் போகும் வழியில், காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே ஒரு குறுகலான சந்து இருக்கிறது. கைக்குப் போகும் நரம்பும், ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாயும், திரும்பக் கொண்டுவரும் குழாயும் அந்தச் சந்து வழியாகத்தான் போகவேண்டும். "உங்க கொண்டை ஊசி வளைவு மாதிரிதான் தம்பி. பஸ்சு மாட்டுனா ஒரு பிரச்சினை, லோடு லாரி மாட்டுனா ஒரு பிரச்சினை. வளைவு ஒன்னுதான். மாட்டுனது எதுன்னு பாக்காம தள்ளக் கூடாது." நரம்பு நெருக்கப்பட்டால் மரத்துப் போகும், பிடி தளரும். போகிற ரத்தம் நெருக்கப்பட்டால் கை வெளுத்துக் குளிரும். திரும்புகிற ரத்தம் நெருக்கப்பட்டால் கை வீங்கி நீலம் பாரிக்கும். இந்த நெருக்கல் இருக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு நரம்புதான். "அதான் ஆபத்து. எல்லாத்தையும் நரம்புன்னு சொல்லிப் பழகிருவோம்" என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்குக் குறைச்சலே கிடையாது.

தேனியில் டாக்டர் எக்ஸ்ரேயும் நரம்புக்கு ஒரு சோதனையும் எடுத்துவிட்டு அதையேதான் சொன்னார். மூட்டை ஏற்றுவதை விட்டேன். அக்கா சொல்லிக்கொடுத்தபடி தோளைப் பின்னுக்குத் தள்ளி, கழுத்தைச் சாய்த்துப் பயிற்சி செய்தேன். ஐந்து மாதத்தில் விரல்கள் திரும்பி வந்தன. கூடவே எனக்கு ஒரு புதுத் தலைக்கனமும் வந்தது. ஸ்டாண்டில் எவன் தோளைப் பிடித்துக்கொண்டாலும், "அது சந்துல நரம்பு மாட்டுறதுப்பா" என்று ஆரம்பித்துவிடுவேன்.

அவருடைய துணிப்பையில் மருந்து மாத்திரை எதுவும் இருக்காது. ஒரு சோப்பு, ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய், ஒரு பழைய டூத் பிரஷ். ஏலக்காய் பறிக்கிறவர்களுடைய விரல்களில் காயின் பால் பட்டுப் பட்டுக் கறை ஏறிக் கறுத்திருக்கும். முகாமுக்கு வருகிறவர்கள் முதலில் இரண்டு கையிலும் எண்ணெய் போட்டுத் தேய்த்து, சோப்பு போட்டு, நக இடுக்கைப் பிரஷால் துலக்கி, நகம் தெரிகிற மாதிரி வந்தால்தான் பார்ப்பார். வலிக்காத கையும் சேர்த்துத்தான். அரை நாள் அதிலேயே போகும். பெண்கள் முனகுவார்கள்.

"நாளைக்குத் திரும்பவும் காய் எடுக்கத்தான போறோம் டாக்டரம்மா? பொண்ணு பாக்கவா வர்றாக?"

"நான்தான் பாக்க வர்றேன். தேய்ங்க."

மேஸ்திரி ஒருவர், மெட்டுக்கு அந்தப் பக்கத்து ஆள், "மதி மதி, கை கழுகியது மதி" என்று, கழுவியது போதுமென மலையாளத்தில் அவசரப்படுத்தினார். அவரையும் உட்கார வைத்துக் கழுவச் சொல்லிவிட்டார். அவருக்குக் கையில் ஒன்றுமில்லை.

முகாமில் என்றில்லை, எங்கே போனாலும் கையைத்தான் பார்ப்பார். போடிமெட்டு டீக்கடையில் மாஸ்டர் கையை உயரத் தூக்கி டீ ஆற்றுவதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றார். "எந்த விரலாவது மரக்குதாண்ணே?" என்றார். "இல்லையேம்மா" என்றார் மாஸ்டர். "அப்பச் சரி" என்று வந்துவிட்டார். அதன் பிறகு ஒரு வாரம் அந்த மாஸ்டர் டீ ஆற்றும்போதெல்லாம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ முழுக்கக் கீழேதான்.

ஒரே ஒரு விஷயம் எனக்குப் புரியாமல் இருந்தது. மெட்டைத் தாண்டியதும் ஒரு லயத்துக்குப் பக்கத்தில், அதாவது எஸ்டேட் ஆட்களின் வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில், ஒவ்வொரு வாரமும் ஜீப்பை நிறுத்தச் சொல்வார். கடைசி வீட்டுக்குள் போவார். பத்து நிமிடத்தில் வந்துவிடுவார். சொந்தக்காரர்களோ என்று கேட்டேன். "இல்ல தம்பி" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. கேள்வி கேட்டே கொல்கிறவர் பதில் சொல்லாதது எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

என் தங்கச்சியைப் போடிக்குப் பக்கத்தில் சிலமலையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை மலையில் மரம் கவாத்துக்குப் போகிறவர். மழைக்கு முன்னால் ஏலச்செடிக்கு வெயில் இறங்க வேண்டும் என்று, நிழல் மரங்களில் ஏறிக் கிளைகளை வெட்டித் தள்ளுவார்கள். நாள் முழுக்கக் கை தலைக்கு மேலேதான். அந்த வருடம் ஆள் பற்றாக்குறை. மாப்பிள்ளை பத்து நாள் ஓய்வே இல்லாமல் வெட்டினார். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், தங்கச்சிக்குத் தெரியாமல் தெருவில் நின்று எனக்குப் போன் செய்தார்.

"மச்சான், வலது கை கனமா தொங்குது. லேசா வீக்கமும் இருக்கு. கூட வேலை பாக்குறவங்க கம்பளிப்பூச்சி பட்டிருக்கும்ங்கிறாங்க. உங்க தங்கச்சி ஆஸ்பத்திரிக்குப் போவோம்ங்கிறா."

"கம்பளிப்பூச்சியும் இல்ல, ஒன்னும் இல்ல. தலைக்கு மேல வேலை பாத்தீங்கல்ல மாப்ளே? எனக்கு வந்த அதேதான். சந்துல நரம்பு மாட்டியிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனா ஊசியக் குத்தி விட்டுருவாங்க. நான் சொல்ற மாதிரி எக்சசைஸ் பண்ணுங்க, சரியாப் போகும்."

போனிலேயே சொல்லிக்கொடுத்தேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்பது இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அவர் என்னை நம்பினார். செவ்வாய், புதன் இரண்டு நாளும் செய்தார்.

வியாழக்கிழமை காலை அக்கா ஜீப்பில் ஏறியதும், "இந்த வாரம் நானே ஒரு கேஸ் பாத்துட்டேன்கா" என்றேன்.

சிரித்தார். "எந்த விரல்?"

"விரல்னு தனியா இல்லக்கா. முழுக் கையும் கனமா இருக்காம். கொஞ்சம் வீக்கம்."

சிரிப்பு நின்றது. "மரக்குதா?"

"அதக் கேக்கல."

"நெறம்?"

"கையெல்லாம் மரக்கறை, ஏலக்கறை. நெறம் எங்கக்கா தெரியும்?"

"எத்தன நாளாச்சு?"

"மூனு நாளு."

"வண்டியத் திருப்புங்க."

மூன்றாவது வளைவு ஏறிக்கொண்டிருந்தோம். பின்னால் பன்னிரண்டு பேர் வேலைக்குப் போகிறவர்கள். "என்னாச்சு, ஏன் திருப்புறீங்க" என்று சத்தம் போட்டார்கள். அக்கா திரும்பி, "ஒரு ஆளு கையில ரத்தம் கட்டியிருக்கோன்னு பயமா இருக்கு" என்றார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், "வெரசா திருப்பு அப்பு, ஒரு நாளு சோலி போனாப் போகுது" என்றார். நான் வளைவிலேயே ஜீப்பைத் திருப்பினேன்.

சிலமலையில் நாங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது மாப்பிள்ளை நின்றுகொண்டு, நான் சொல்லிக்கொடுத்தபடியே, தோளைப் பின்னுக்குத் தள்ளிக் கையை மெல்ல உயர்த்திக்கொண்டிருந்தார்.

"கைய இறக்குங்க!"

அக்கா கத்தி அன்றுதான் கேட்டேன். சட்டையைக் கழற்றச் சொன்னார். வலது கை இடது கையைப் போல ஒன்றரை மடங்கு இருந்தது. தோளிலும் மார்பிலும் ரத்தக் குழாய்கள் பச்சையாகப் புடைத்து ஓடின. எண்ணெயை ஊற்றி ஒரே ஒரு நகத்தைத் துடைத்துப் பார்த்தார். கறைக்குக் கீழே நாவல்பழ நிறம். எனக்குச் செய்யச் சொன்ன மூன்று நிமிடச் சோதனையை அவருக்குச் செய்யவே இல்லை.

"விரல் எதுவும் மரக்குதா?"

"இல்லக்கா. வெடிச்சிரும் போல இருக்கு."

"இது நரம்பு மாதிரி இல்ல. ரத்தம் திரும்புற குழாய் அடைச்சிருக்கும்னு தோணுது. யாரும் தடவாதீங்க, அமுக்காதீங்க. உள்ள கட்டியிருந்தா அது நகந்து நுரையீரலுக்குப் போயிரும். ஏறுங்க."

தேனியில் ஸ்கேன் எடுத்தார்கள். அவர் சொன்னது சரிதான். காறை எலும்புக்கு அடியில் ரத்தம் உறைந்து குழாயை அடைத்திருந்தது. உடனே மருந்து ஏற்றினார்கள். பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "மொத நாளே வந்திருந்தா இன்னும் லேசா கரைச்சிருக்கலாம். யாரு எக்சசைஸ் பண்ணச் சொன்னது?" என்று கேட்டார்.

நான் கட்டில் பக்கத்தில்தான் நின்றேன். மாப்பிள்ளை என்னைப் பார்க்காமல், "நானாத்தான் சார். செல்போன்ல பாத்துச் செஞ்சேன்" என்றார்.

தங்கச்சி பிடித்துக்கொண்டாள். "மொத நாளே கூட்டிட்டுப் போறேன்னு கெஞ்சுனேனே! செல்போன்ல பாத்து வைத்தியமாம். கைய வாங்கிட்டாங்கன்னா என் பிள்ளைகளோட நான் எங்க போவேன்?" வார்டே திரும்பிப் பார்க்கும்படி திட்டினாள். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா என்னைப் பார்த்தார்.

கை பிழைத்தது. பின்னால் மதுரையில் முதல் விலா எலும்பை எடுத்துச் சந்தை அகலப்படுத்தினார்கள். ஆனால் பழைய கை இல்லை. சாயங்காலம் ஆனால் கனக்கும். மரம் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது ஏலக்காய் ஸ்டோரில் காய் காயவைக்கும் வேலைக்குப் போகிறார்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் அக்கா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"தங்கச்சிகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்லக்கா. இப்பத்தான மதுரைக்குப் போயிட்டு வந்திருக்காங்க."

அடுத்த வாரம் தையல் பிரிக்கவில்லை என்பேன். அதற்கடுத்த வாரம் அவள் மாமியார் வந்திருக்கிறார் என்பேன். ஐந்தாவது வாரம், லயத்துக்குப் பக்கத்தில் ஜீப்பை நிறுத்தச் சொன்னவர், "நீங்களும் வாங்க" என்றார்.

கடைசி வீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எங்களுக்குப் பால் இல்லாத கட்டன் சாயா ஊற்றினார். கிளாஸை நீட்டிய கையில் ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நுனி இல்லை.

"இவங்க 'விரலு குளுந்து மரக்குது'ன்னு சொன்னாங்க" என்றார் அக்கா, அந்தப் பெண்ணுக்கு முன்னாலேயே. "நான் மரக்குதுங்கிறத மட்டும் பிடிச்சுக்கிட்டேன். குளுந்ததக் காதுல வாங்கல. கறைக் கையோட பாத்து அனுப்பிட்டேன். கழுவியிருந்தா வெளுத்திருந்தது தெரிஞ்சிருக்கும். மூனு வாரம் கழிச்சு விரல் நுனி புண்ணாகி வந்தாங்க. அப்பவும் 'நான்தான் பாக்காம விட்டேன்'னு சொல்ல எனக்கு ஏழு மாசம் ஆச்சு தம்பி."

அந்தப் பெண் சிரித்தார். "சொன்ன அன்னைக்கு இந்தம்மா அழுத அழுகைக்கு நானில்ல ஆறுதல் சொன்னேன்! டாக்டருமாரு ஆயிரம் பேரப் பாக்குறாக. எங்கிட்ட வந்து சொன்னது இவுக ஒருத்திதான்."

சோப்பும் டூத் பிரஷும் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவ்வளவு தெரிந்த மனுஷியும் இப்படித் தவறவிட்டாரா என்று ஒரு கணம் மனசு சுருங்கியது. அந்தத் தவறைத் தூக்கிக்கொண்டு வாராவாரம் அந்த வீட்டுக்கு ஏறி வந்தாரே என்று நினைத்தபோது அவர் மேல் இருந்த மரியாதை கூடித்தான் போனது. ஆனாலும் நான் சிலமலைக்குப் போகவில்லை. மரியாதை வேறு, தைரியம் வேறு.

அடுத்த சில மாதங்களில் முகாம் நிறுத்தப்பட்டது. அவர் கணவருக்கு வெளியூரில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு கிளம்பினார். கடைசி வியாழக்கிழமை ஜீப்பிலிருந்து இறங்கும்போது, இன்றைக்கும் அதே கேள்வியைக் கேட்பார் என்று ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். "வர்றேன் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கேட்டுத் தொலைத்திருக்கலாம். கேட்காமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் சவாரியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுச் சிலமலைக்குப் போனேன். மாப்பிள்ளை டிவி பார்த்துக்கொண்டிருந்தார். தங்கச்சி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று நின்றுகொண்டே சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் என்றது நான், எக்சசைஸ் சொல்லிக்கொடுத்தது நான், அவர் செல்போனில் எதையும் பார்க்கவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்காமல் உன்னிடம் அத்தனை திட்டையும் வாங்கினார் என்று எல்லாவற்றையும்.

தங்கச்சி வெங்காயத்தை முறத்தில் வைத்தாள். ஆச்சரியப்படவில்லை.

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்த மறு வாரமே அந்தக்கா இங்க வந்துச்சுண்ணே" என்றாள். "'உங்க வீட்டுக்காரர இனிமே திட்டாதீங்க. உங்க அண்ணன் ஒரு நாளு வந்து ஒன்னு சொல்லுவாரு. அதுக்கப்பறம் யார வையணுமோ அவங்கள வைங்க'ன்னுச்சு. என்ன சொல்லுவாருன்னு கேட்டேன். 'அத அவருதான் சொல்லணும்'னுருச்சு."

"நான் வராமலே இருந்திருந்தா?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'வருவாரு, கொஞ்சம் லேட்டாகும்'னுச்சு."

மாப்பிள்ளை டிவியை நிறுத்தினார். தங்கச்சி முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நாலு மாசமா வாயக் கட்டிக்கிட்டு இருக்கேன்ணே. இப்ப வையட்டுமா?"

"வையி ஆத்தா" என்றேன்.

மாப்பிள்ளை எழுந்து போய், வலது கையால் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து, எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.